பார்க்காமல் எழுதிய மூன்று நாள்கள்

அலுவிகாரை,
மாத்தளை.
28.06.1987

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மகள் செல்வி அருந்ததி விஜயரத்தினம் அறிய வேண்டியது,

இவ்விடம் நான் நலம். அவ்விடம் நீயும், என் தம்பி சிவசுப்பிரமணியமும், அவன் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். மே மாதம் ஐந்தாந் தேதியிட்ட உன் கடிதம் பதின்மூன்றாந் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. ஆறு வாரங்களுக்கு மேலாகியும் மறுமொழி எழுதாதிருந்தமைக்கு உன் மன்னிப்பைக் கோருகிறேன். தபாலின் மீதோ நாட்டு நிலைமையின் மீதோ பழியைச் சுமத்தலாம். இந்நாளில் அதை எவரும் நம்புவர். ஆயினும் தாமதத்துக்குப் பொறுப்பு நானே. காரணத்தை ஒளிக்காமல் எழுதுவதற்கே இத்தனை தாள்களை எடுத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறேன்.

நீ அனுப்பிய சம்மதப் படிவம் அலுமாரியில், உன் தந்தையாரின் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. பதினெட்டு வயது நிறையாத மாணவி, பயிற்றுநர் உடனில்லாமல் எஞ்சினில்லாத கிளைடர் விமானத்தில் தனியே பறப்பதற்குப் பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அகராதியின் துணையோடு அதை நான்கு முறை படித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்றாலும், படிக்காத தாளில் நான் ஒருபோதும் கையெழுத்திட்டதில்லை.

உன் மாமா தனியே ஒரு கடிதம் எழுதியிருந்தான். “அக்கா, தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். அவளைப் படிக்க அழைத்தேனே தவிர ஆகாயத்துக்கு ஏற்ற அழைக்கவில்லை” என்பது அவன் வாக்கு. உன்னை இலண்டன் விமான நிலையத்தில் ஏற்றுக்கொண்ட நாள் முதல் உன் பொறுப்பைச் சுமப்பவன் அவன். ஆகவே அவன் கோபத்தை நீ குறையாக எண்ணாதே. தீர்மானம் தாய்க்கும் மகளுக்கும் உரியது என்று பணிவாகப் பதில் எழுதிவிட்டேன்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸாவின் கூரைத் தகரம் ஒன்று கழன்று நம் தோடை மரத்தில் தொங்கியது. படிவம் வந்த அன்று அவள் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டுச் சுளகைக் கீழே வைத்துவிட்டு, “எஞ்சின் இல்லாம எப்பிடி அக்கா போற? பள்ளத்துல உட்ட சைக்கிள் மாதிரியா?” என்று கேட்டாள். கண்டி நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த பறத்தல் நூல் இதையே இரண்டு பக்கங்களில் சொல்கிறது. அவள் கணவர் ஸஹாப்தீன் நானா மட்டும் ஒப்பவில்லை. “ஏத்துறதுக்குக் கயிறு, எறக்குறதுக்கு அல்லாஹ். நடுவுல புள்ளக்கி என்ன வேல?” என்றார். நடுவில் உள்ளது முழுவதும் வேலைதான் என்று நான் விளக்கத் தொடங்கினேன். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வேலையை நான் அறிந்தது உன் கடிதங்களிலிருந்தே. அவற்றை இலக்கமிட்டு வைத்திருக்கிறேன். ஏழாவதில், பயத்தால் நீ பிடியை இறுகப் பற்றியதால் கிளைடர் அடங்காத குதிரையைப் போல மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது என்று எழுதியிருந்தாய். இரண்டு விரல்களே போதும் என்று பயிற்றுநர் சொன்னாராம். பத்தாவதில், கண்ணாடி மூடியின் மேல் ஒட்டிய ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூலைப் பற்றி எழுதினாய். நூல் நேராக இருந்தால் கிளைடர் காற்றில் நேராகச் செல்கிறது, சாய்ந்தால் வழுக்குகிறது. அத்தனை கருவிகளுக்கு நடுவே பொய் சொல்லத் தெரியாதது அந்த நூல் ஒன்றுதான் என்ற உன் வாக்கியத்தை நான் கோடிட்டு வைத்திருக்கிறேன். பதினான்காவதில், கிளைடரை இழுத்து மேலேற்றும் கம்பியைப் பயிற்றுநர் முன்னறிவிப்பின்றிப் பாதியில் கழற்றிவிட்டார். முதல் இரு தடவையும் நீ திகைத்திருந்தாய். மூன்றாந் தடவை கை தானாகவே கிளைடரின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்தது. அதன் பிறகே எங்கே இறங்குவது என்று யோசித்தாய். முதலில் வேகம், பிறகு சிந்தனை. அதை வாசித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தைக் கைறுன்னிஸாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் சேற்றில் நின்று பிறர் ஏறும் கிளைடர்களின் இறக்கையைப் பிடித்து ஓடுகிறாய் என்பதையும், மழை நாளில் அவற்றைத் துடைக்கிறாய் என்பதையும், “இந்தப் பெண் பறப்பதை விடக் கழுவுவது அதிகம்” என்று அங்குள்ள பையன்கள் கேலி பேசுவதையும் அறிவேன். கழுவட்டும். ஒரு பொருளை ஈரத்துணியால் துடைப்பவளுக்குத்தான் அதில் எங்கே கீறல் இருக்கிறது என்று தெரியும்.

இனி, படிவத்தோடு வந்த பதினேழாவது கடிதத்துக்கு வருகிறேன்.

அதில் ‘ஐயோ’ என்னும் சொல் பதினொரு தடவை வருகிறது. கணக்கிட்டதற்காகக் கோபியாதே. அன்று பயிற்றுநர் உயரமானியின் முகத்தில் ஒரு தாளை ஒட்டி மறைத்துவிட்டு, கண்ணாலேயே உயரத்தை மதிப்பிட்டு இறக்கும்படி உன்னிடம் சொன்னார். கடைசித் திருப்பத்துக்கு முன் தாளின் ஒரு மூலை காற்றில் எழும்பியது. முள் நானூறு அடியில் நிற்பதை நீ கண்டாய். கண்டபின் திரும்பினாய். இறக்கம் வெகு அழகாக அமைந்தது. அவர் உன் தோளில் தட்டி, ‘கண்ணால் உயரத்தை நன்கு மதிப்பிடுகிறார்’ என்று உன் பறப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, தனியே பறப்பதற்கான இப்படிவத்தையும் தந்தார். நீ வாய் திறக்கவில்லை. சொன்னால் இன்னுமொரு மாதம் பிந்தும் என்றும், பையன்கள் சிரிப்பார்கள் என்றும், உண்மையில் உன் கண்ணும் நானூறு என்றே சொல்லிற்று என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், “அம்மா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் கையெழுத்திட்டால் அது பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வேன்” என்று முடித்திருந்தாய்.

மகளே, பரவாயில்லை என்று எழுதும் அதிகாரத்தை எனக்குத் தந்துவிட்டாய். ஆறு வாரங்கள் பிந்தியதற்கு முதற் காரணம் அது.

கண்டி நூலகத்துப் புத்தகத்தில் தேடினேன். அந்த முள் உங்கள் மைதானத்தின் தரையைப் பூச்சியமாக வைத்துக்கொண்டு காட்டுவது. காற்று கைவிட்டு, அறியாத ஒருவருடைய வயலில், அதுவும் மேட்டு நிலத்தில், நீ இறங்க நேர்ந்தால் அதே முள் உனக்கு நானூறு அடி இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும். தரையோ நூறு அடியில் காத்திருக்கும். அன்றைக்கு உனக்கு உன் கண்ணைத் தவிர வேறு துணையில்லை. உன் கண்ணுக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பது பயிற்றுநருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அவர் தமக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இவ்வளவையும் கண்டித்து எழுதப் பேனாவைத் திறந்தேன். எழுதவில்லை. எழுத முற்பட்ட கையே, வேறொரு பதிவேட்டில், இதைவிடப் பெரியதொன்றை எழுதிய கை.

29.06.1987, திங்கள்

நேற்று அவ்விடத்தில் நிறுத்திவிட்டேன். இன்று காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து வந்தேன். பூச்சியம். பார்த்து எழுதிய பூச்சியம்.

இதை உனக்கு எவரும் சொன்னதில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டு யூலை இருபத்தாறாந் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நகரத்துப் பக்கம் தமிழர் கடைகள் எரியும் புகை தெரிந்தது. உன் தந்தையார் வேலை பார்த்த பண்ணைக் கந்தோரின் முற்றத்து மழைமானியை நாள்தோறும் எட்டரைக்கு அளந்து பதிவது அவர் பொறுப்பு. வீட்டிலிருந்து கால் மைல் தூரம். எட்டேகாலுக்கு அவர் செருப்பை மாட்டினார். ஸஹாப்தீன் நானா வேலிக்கு அப்பால் நின்று, “சேர், இண்டைக்கு மழ ஒரு சொட்டும் பெய்யல்ல. போக வேணாம்” என்றார். அதற்கு அவர், “பெய்யவில்லை என்பதையும் பார்த்துத்தானே எழுத வேண்டும், நானா. அரை மணியில் வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போது.

அதன் பின் நேர்ந்தவை உனக்கும் தெரியும். மூன்று நாள்கள் கைறுன்னிஸாவின் மிளகு அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தோம். வீதியில் காலடி கேட்கும்போதெல்லாம் நீ துவாயைக் கடித்துக்கொண்டு தும்மலை விழுங்கினாய். பதின்மூன்று வயதில் உனக்கு அத்தனை அடக்கம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸஹாப்தீன் நானா முன்னே நடக்க நான் கந்தோருக்குப் போனேன். பதிவேடு வைக்கும் விறாந்தைப் பெட்டியின் இரண்டாவது சாவி என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பதிலாக அளப்பவள் நான்தானே. பதிவேட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை வரி வெறுமையாக இருந்தது. அவர் அங்கே போய்ச் சேரவேயில்லை என்பதை அந்த வெற்றிடத்திலிருந்துதான் அறிந்தேன். மழைமானியில் ஆறு தசம் நான்கு மில்லிமீற்றர் தண்ணீர் நின்றது. நான் செய்தது இது: வெள்ளிக்கிழமைக்கு அந்த அளவை எழுதினேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்றுக்கும் அவருடைய கையெழுத்தைப் போலவே, இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, பூச்சியம் எழுதினேன். அவர் திரும்பி வரும்போது கடமை தவறினார் என்று எவரும் அவர் பெயருக்குக் குறை சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். அன்று எனக்கு அது மனைவியின் கடமையாகத் தோன்றிற்று.

பிறகு அவரை எங்கெல்லாம் தேடினோம் என்பதை மறுபடி எழுதவில்லை. அடுத்த தையில் உன்னை மாமாவிடம் அனுப்பினேன். மழைமானியின் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்காண்டுகளாக ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் பதிவேட்டில் அந்தப் பக்கம் வரும் இடத்தில் என் விரல் தானாகவே இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிடும்.

மழைப் பதிவில் ஒரு விதி உண்டு. உன் தந்தையார் எனக்குக் கற்பித்த முதல் விதி. பூச்சியம் என்றால், நான் போனேன், பார்த்தேன், மழை இல்லை. போகவில்லை என்றால் பூச்சியம் எழுதக்கூடாது. சிறு கோடு ஒன்று இழுத்து, பார்க்கப்படவில்லை என்று எழுத வேண்டும். நீ அந்தத் தாளின் மூலையைப் பற்றி எழுதிய கடிதத்தைப் படித்த இரவு இவ்விதி எனக்கு நினைவு வந்தது. என் வரிகளைத் திருத்தாமல் உன் வரியைப் பற்றி எழுதுவது முறையன்று என்று தீர்மானித்தேன். மழைமானிகளைச் சோதிக்கும் மேலதிகாரி ஆண்டுக்கு இரு முறைதான் வருவார். அவர் வரும்வரை காத்திருந்தேன். தாமதத்தின் இரண்டாவது காரணம் இது.

சென்ற வியாழக்கிழமை வந்தார். திரு. அபேகோன் என்று பெயர். தமிழ் ஓரளவு பேசுவார். பக்கத்தைத் திறந்து நடந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “மிஸ்ஸி, நாலு வருசத்துக்கு முந்தின மூணு நாள். கொழும்புல அத யாரும் பாக்கவும் இல்ல, பாக்கப்போறதும் இல்ல” என்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா, என்று சிங்களத்திலேயே பதில் சொன்னேன். ஏன் அந்த மூன்று நாளும் அளக்கப்படவில்லை என்று காரணம் எழுத வேண்டுமே என்றவர், தேதியைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து என் கையில் தந்தார். பூச்சியங்களை அழிக்காமல் ஒரே கோட்டால் வெட்டினேன். மூன்று இடத்திலும் ‘பார்க்கப்படவில்லை’ என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்கு எதிரே ‘நான்கு நாள்களின் கூட்டுத்தொகை’ என்று எழுதினேன். காரணம் கேட்கும் இடத்தில் அவரே தம் கையால் சிங்களத்தில் ‘அவதானிப்பாளர் வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு என் கையால் தேநீர் வாங்கிக் குடித்தார். இரண்டாவது கோப்பையும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அமர்ந்திருந்தேன். உன் தந்தையார் கந்தோரை அடையவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து அந்த வெறும் வரிதான். அதை நான் நிரப்பி மூடிவிட்டிருந்தேன். இப்போது அது திரும்பவும் திறந்திருக்கிறது.

அவர் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதையும் இன்று எழுதிவிடுகிறேன். அன்று அவர் போகாமலிருந்திருக்கலாம். பதிவேட்டில் ஒரு வரி வெறுமையாகக் கிடந்திருக்கும், அவ்வளவே. வெறும் வரியால் எந்த அரசாங்கமும் கவிழ்ந்ததில்லை. போகாமல் விடுவதும் அவர் கடமைக்குள் அடங்கியதுதான் என்பதை அவருக்குச் சொல்ல நான் வாய் திறக்கவில்லை. செருப்பை எடுத்துக் கொடுத்தவள் நான்.

ஆகவே, அருந்ததி, படிவத்தில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்புகிறேன்.

பரவாயில்லை என்பதற்காக அன்று. படிவத்தை நான் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தால், முள்ளை மறைத்த தாளைப் போல நானும் வெளியிலிருந்து ஒட்டப்பட்ட ஒரு தாளாகிவிடுவேன். மூலை எழும்பும் நாளை நீ எதிர்பார்த்துக் காத்திருப்பாய். எப்போது இதைக் கொடுப்பது என்பதை நீ மதிப்பிடு. பயிற்றுநரிடம் போய், தாளின் மூலை எழும்பியது, நான் பார்த்தேன் என்று சொன்ன பிறகு கொடுப்பாய் என்று நம்புகிறேன். இன்னுமொரு மாதம் பிந்தட்டும். பையன்கள் சிரிக்கட்டும். முள்ளை நன்றாக மறைத்து, இன்னொரு முறை, இன்னும் பத்து முறை இறக்கட்டும் உன்னை. அதன் பின் நீ தனியே மேலே போகும்போது உன் பின்னால் பயிற்றுநரின் ஆசனம் வெறுமையாக இருக்கும். உன் கண் இருக்கும்.

காற்று பிழையாகத் தோன்றும் நாளில், எல்லாரும் பறந்தாலும், உன் முறை வந்துவிட்டாலும், இறங்கி வந்துவிடு. உன் பறப்புப் பதிவேட்டில் அன்றைய வரி வெறுமையாக இருக்கட்டும். பறந்த நாள்களைப் பற்றி மட்டுமே இதுவரை எனக்கு எழுதியிருக்கிறாய். பறக்காத நாள்களைப் பற்றியும் எழுது. அவற்றையும் இலக்கமிட்டு வைப்பேன்.

படிவத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது. தந்தை ‘உயிருடன் உள்ளார்’, ‘காலமானார்’, பொருந்தாததை வெட்டுக. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை வெட்டிவிடும்படியும், அந்த நாட்டில் கேள்விகள் குறையும் என்றும் உன் மாமா எழுதியிருந்தான். இரண்டையும் நான் வெட்டவில்லை. பக்கத்தில் சிறு கோடு ஒன்று இழுத்திருக்கிறேன். எவரும் கேட்டால், என் தாய் பார்க்காததை எழுதுவதில்லை என்று சொல்.

கழுத்துக்குக் கம்பளித் துணி கட்டாமல் மைதானத்துக்குப் போகாதே. கைறுன்னிஸா உனக்கென்று அரைக்கால் கொத்து மிளகு வறுத்துத் தூளாக்கித் துணிப்பையில் தைத்திருக்கிறாள். அவள் மைத்துனர் அடுத்த மாதம் இலண்டன் வருகிறார், கொண்டுவருவார். பிரிக்கும்போது தும்மல் வந்தால் அடக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

முத்துமாரியம்மன் உன்னை ஏறும்போதும் இறங்கும்போதும் காப்பாளாக. நடுவில் நீ உன்னைக் காத்துக்கொள்.

பயிற்றுநரிடம் பேசிய அன்றே எனக்கு மறுமொழி எழுது. பேச முடியாமற்போனாலும் எழுது. தயவுசெய்து விரைவாக எழுது.

இங்ஙனம்,
உன் அன்புத் தாய்,
சுசீலாதேவி விஜயரத்தினம்